குமிழியின் குரல்

இரவு எட்டரை மணிக்கு மேல் தூத்துக்குடியின் பரோட்டாக் கடைகளில் ஒரு தாளம் பிடித்துவிடும். கொத்துத் தகடுகள் கல்லில் விழும் சத்தம் தெருமுனை வரை கேட்கும். ஏப்ரல் முதல் வாரத்தில் ஒருநாள், அதைப் பிடிப்பதற்காகவே கைக்கு அடக்கமான ஒலிப்பதிவுக் கருவியோடு போயிருந்தேன். கல்லுக்கு நாலடி தள்ளி நின்று பத்து நிமிடம் பதிவு செய்துகொண்டு அறைக்குத் திரும்பினேன்.

ஹெட்போனை மாட்டிக் கேட்டபோது கொத்துத் தாளம் நன்றாகவே விழுந்திருந்தது. ஆனால் அதற்கு அடியில், "ரெண்டு பொரிச்சது, சால்னா கூட" என்ற குரலுக்கும் அடியில், விடாமல் ஒரு படபடப்பு ஓடிக்கொண்டிருந்தது. பொரிச்ச பரோட்டாவுக்கான எண்ணெய்ச் சட்டி! பத்து நிமிடம் அதன் பக்கத்திலேயே நின்றிருக்கிறேன். வாசனை தெரிந்தது, சத்தம் தெரியவில்லை.

மறுநாள் விடிவதற்குள் திரேஸ்புரத்திலிருந்து ஒரு வள்ளத்தில் கிளம்பினோம். நாலு பாகம் (இரு கைகளையும் விரித்த நீளம் ஒரு பாகம்) ஆழமுள்ள இடத்தில் வள்ளக்காரர் எஞ்சினை அணைத்தார். நீருக்குள் கேட்கும் மைக்கான ஹைட்ரோபோனைக் கேபிளோடு மெல்ல இறக்கினேன். முதலில் கேபிள் பலகையில் உரசும் சத்தம் வந்தது. பிறகு அது நின்று, பொரியத் தொடங்கியது. முந்தின இரவு கேட்ட அதே எண்ணெய்ச் சட்டி.

ஹெட்போனை வள்ளக்காரரிடம் நீட்டினேன். சற்று நேரம் கேட்டுவிட்டுச் சிரித்தார். "என்ன தம்பி, கடலுக்குள்ளயும் பரோட்டாக் கடை போட்டிருக்காவளா?"

"இதுக்கு முன்னாடி கேட்டிருக்கீங்களா அண்ணாச்சி?"

"ராத்திரி தங்கல்ல அணியத்துல தலைசாச்சுப் படுத்தா, பலகை வழியா இது கேக்கும். பலகைதான் வெடிக்குதுன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்."

வெடித்தது பலகை இல்லை. சட்டியில் வெடிப்பதும் கடலில் வெடிப்பதும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. இந்தக் கரையில் அன்றாடம் கேட்கும் சத்தங்களைப் பதிவு செய்யப் போனால், அலையிலிருந்து கப்பல் வரை திரும்பத் திரும்ப அதையேதான் சந்திக்கிறோம். அதன் பெயர் குமிழி.

காது கழிப்பதும் கருவி வைப்பதும்

எண்ணெய்ச் சட்டியை நான் ஏன் கேட்கவில்லை? காது அதை வாங்கியது; மூளை கழித்துவிட்டது. மாறாமல் தொடரும் ஒலியை ஒதுக்கிவிட்டு, மாறுவதையும் பொருள் உள்ளதையும் மட்டும் நம் கவனத்துக்கு அனுப்புவது மூளையின் வேலை. பலர் ஒரே நேரத்தில் பேசும் கூட்டத்தில் ஒருவர் குரலை மட்டும் எப்படிப் பிரித்துக் கேட்கிறோம் என்ற கேள்வியை, 1953-இல் காலின் செர்ரி என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் சோதனைக்கு எடுத்தார். ஒரு காதில் ஒரு பேச்சு, மறு காதில் வேறொரு பேச்சு. ஒன்றைக் கவனித்தவர்களுக்கு மற்றது எந்த மொழியில் இருந்தது என்பதுகூடப் பிடிபடவில்லை.

மைக்குக்கு இந்தப் பாரபட்சம் கிடையாது. பந்தியில் எல்லா இலைக்கும் ஒரே அளவில் பரிமாறுகிற ஆள் அது. அதனால்தான் சாதாரணச் சத்தங்களின் பதிவைக் கேட்கும்போது, நன்கு தெரிந்த இடமே புதிதாகத் தெரிகிறது.

கனடாவின் இசையமைப்பாளர் ஆர். முர்ரே ஷேஃபர் இதை ஒரு துறையாகவே வளர்த்தார். அவருடைய குழு 1973-இல் வான்கூவர் துறைமுக நகரத்தின் ஒலிச்சூழலைப் பதிவு செய்து வெளியிட்டது. கப்பல் சங்கு, மணியோசை, கடலலை எல்லாம் அதில் உண்டு. ஓர் ஊரின் பின்னணியில் எப்போதும் ஓடிக்கொண்டிருந்து, அங்கு வாழ்பவர் காதில் படாமலே போகும் ஒலிக்கு அவர் தனிப்பெயர் வைத்தார். நமக்கு அதை விளக்கத் தம்புரா போதும். கச்சேரியில் பாட்டைக் கேட்கிறோம். சுருதியை யாரும் கேட்பதில்லை. நின்றால்தான் தெரியும்.

பலரும் பதிவுக்குப் பயன்படுத்தும் கைபேசியில் இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. அது மனிதக் குரலுக்காகச் செய்யப்பட்டது. கடற்கரையில் நின்று பேசினால், அலையை 'இரைச்சல்' என்று தீர்மானித்து அழிக்கப் பார்க்கும். எம்பி3 கோப்பும் அப்படித்தான்: உரத்த ஒலியின் நிழலில் மறைந்து, காதுக்கு எட்டாது என்று கணக்கிடப்பட்டவற்றை நீக்கித்தான் அளவைக் குறைக்கிறது. காது கழித்ததைப் பிடிக்கப் போகிற நமக்கு, காதைப் போலவே கழிக்கும் கருவி உதவாது. இரைச்சல் நீக்கத்தை அணைத்துவிட்டு, 'வேவ்' வடிவில் பதிவு செய்வது இதற்காகத்தான்.

தண்ணீர் எப்படிச் சத்தம் போடுகிறது?

குழாயிலிருந்து சொட்டும் நீர் வாளியில் விழுந்து 'டொளக்' என்கிறது. நீர் நீரின் மேல் மோதும் ஒலி அது என்று தோன்றும். மோதலின் ஒலி மிகச் சிறியது. சொட்டு விழுந்த இடத்தில் ஒரு குழி உண்டாகி, அது மூடும்போது அடியில் ஒரு துளிக் காற்று சிக்கிக்கொள்கிறது. அந்தக் குமிழி அதிர்வதே 'டொளக்'.

குமிழிக்குள் இருக்கும் காற்று ஸ்பிரிங் மாதிரி. சுற்றியுள்ள நீர் அந்த ஸ்பிரிங்கில் கட்டிய எடைக்கல். அமுங்கினால் விரியும், விரிந்தால் அமுங்கும். நெதர்லாந்தின் வானியலாளர் மார்செல் மின்னார்ட் 1933-இல் இதற்குக் கணக்குப் போட்டார். அவர் கண்ட விதி எளியது: குமிழி பெரிதானால் சுருதி இறங்கும். 2 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள குமிழி நொடிக்குச் சுமார் 3,260 முறை அதிரும். 6 மில்லிமீட்டர், அதாவது ஒரு நல்ல முத்தின் அளவுள்ள குமிழி, சுமார் 1,090 முறை. முன்னது கீச்சென்ற குரல், பின்னது பேச்சுக் குரலின் நடுப்பகுதியில் விழுவது.

இந்த விதியோடு கரைக்கு வாருங்கள். தூத்துக்குடிக் கடல் பெரும்பாலும் அடங்கியே இருக்கும். எதிரே இலங்கையும் பக்கத்தில் தீவுகளும் மறைப்பதால் அலை சலசலவென்று வந்து போகும். சிறு குமிழிகளின் பேச்சு அது. தெற்கே திருச்செந்தூரில் அலை எழும்பி உடைந்து விழுகிறது. அங்கே குமிழிகள் தனித்தனியாகப் பேசுவதில்லை. மேகமாகத் திரண்டு ஒன்றாக அதிர்கின்றன. அதனால்தான் அங்கே முழக்கம். இரண்டு ஊர்களின் அலையையும் ஒரே கருவியில், ஒரே அளவு வைத்துப் பதிவு செய்து அடுத்தடுத்துக் கேட்டால், கண்ணை மூடிக்கொண்டே எது எந்த ஊர் என்று சொல்லிவிடலாம்.

எண்ணெய்ச் சட்டிக்கும் இதே கதை. மாவில் இருக்கும் நீர்த்துளி கொதிக்கும் எண்ணெயில் நொடியில் ஆவியாகி ஊதுகிறது. ஊதிய குமிழி உடைகிறது. சட்டியில் ஆவிக்குமிழி என்றால், கடலுக்குள் நெருப்பில்லாமல் பொரிவது எது?

கொடுக்குச் சொடுக்கு

பவளப் பாறை இடுக்கிலும் சிப்பிப் படுகையிலும் விரல் நீளமே உள்ள இறால் வகை ஒன்று வாழ்கிறது. இரண்டு கொடுக்குகளில் ஒன்று மட்டும் உடம்புக்குப் பொருந்தாத அளவுக்குப் பெருத்திருக்கும். விரலைச் சொடுக்குவது போல் அதைச் சொடுக்குவதால், சொடுக்கு இறால் என்று இங்கே அழைப்போம்.

கொடுக்கின் இரண்டு தாடைகளும் மோதுவதுதான் அந்தச் சத்தம் என்று நெடுங்காலம் நம்பினார்கள். 2000-ஆம் ஆண்டு மைக்கேல் வெர்ஸ்லூயிஸ், பார்பரா ஷ்மிட்ஸ், டெட்லெஃப் லோஸே ஆகியோரின் குழு அதிவேகக் கேமராவையும் ஹைட்ரோபோனையும் சேர்த்து வைத்துப் பார்த்தது. கொடுக்கு மூடும்போது நீர் நொடிக்கு 25 மீட்டர் வேகத்தில் பீய்ச்சப்படுகிறது. அந்த வேகத்தில் நீரின் அழுத்தம் சரிந்து, ஒரு குமிழி பிறக்கிறது. அழுத்தம் மீண்டதும் குமிழி உள்நோக்கி நொறுங்குகிறது. கொடுக்கு மூடும் கணத்தில் சத்தம் இல்லை. குமிழி நொறுங்கும் கணத்தில்தான் 'டப்'. அடுத்த ஆண்டு அதே குழு, நொறுங்கும் குமிழியிலிருந்து கண்ணுக்கு எட்டாத ஓர் ஒளிக்கீற்றும் வருவதைக் கண்டது. குமிழிக்குள் அந்தக் கணத்தில் வெப்பம் 5,000 கெல்வினுக்குக் குறையாது.

ஓர் இறாலின் சொடுக்குக்கு இரை மயங்கி விழும். ஆயிரக்கணக்கான இறால்கள் சொடுக்கினால் கடலே பொரியும். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கக் கடற்படையின் நீரடிக் கேட்புக் கருவிகளைத் திணறடித்தது இந்தச் சத்தம்தான். போகப்போக, நீர்மூழ்கிகள் ஒளிந்துகொள்ள உதவும் திரையாகவும் அது ஆனது.

குமிழியால் பேசுபவை இறால்கள் மட்டுமல்ல. மீன் வயிற்றில் இருக்கும் காற்றுப்பையை நம் கரையில் நெட்டி என்பார்கள். கூறல் மீனின் நெட்டிக்கு ஏலக்கடையில் தனி மதிப்பு. கூறலும் கத்தாளைகளும் ஒரே குடும்பம். நெட்டியை ஒட்டிய தசைகளைப் படபடவென்று துடிக்கவைத்து, பறை அடிப்பது போல் ஒலியெழுப்பும் குடும்பம் அது. நெட்டியும் தோல் போர்த்திய ஒரு குமிழிதானே! பிடிபட்டதும் கையில் முனகும் கீச்சானின் பெயரிலேயே கீச்சு இருக்கிறது. கூறல் என்றால் சொல்லுதல். பெயர் வைத்தவர்கள் காதைத் திறந்துதான் வைத்திருப்பார்கள் போலிருக்கிறது.

கயிற்றை ஏன் இழுத்தார்கள்?

இந்தப் பொரிச் சத்தத்துக்குள் தலையோடு இறங்கியவர்கள் முத்துக் குளித்தவர்கள். கரையிலிருந்து தள்ளி, கடலடியில் பரந்த பாறைத் திட்டுகளைப் 'பார்' என்பார்கள். தொலாயிரம் பார் போன்ற பெயர்கள் முத்துச்சிப்பிக் கணக்குகளில் திரும்பத் திரும்ப வரும். அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் முடிந்தது.

குளிப்பவர் கல்லின் மேல் கால் ஊன்றி, கயிற்றைப் பிடித்து இறங்குவார். மேலே தோணியில் ஒருவர் கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருப்பார். மூச்சு முட்டியதும் கீழே இருப்பவர் கயிற்றைச் சுண்டுவார். உடனே மேலே இழுத்துவிடுவார்கள். ஒரு நிமிடச் சங்கதிதான். அதற்குள் பேச்சு கிடையாது, கூப்பிடுவது கிடையாது. கத்தினால் கேட்காதா?

கேட்காது. காற்றுக்கும் நீருக்கும் இடையே ஒலிக்கு ஒரு சுவர் இருக்கிறது. காற்றில் வரும் ஒலியாற்றலில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் நீருக்குள் இறங்கும்; மீதி கடற்பரப்பில் பட்டுத் திரும்பிவிடும். உள்ளிருந்து வெளியே வருவதும் அப்படியே. கடற்கரையில் மைக்கை எவ்வளவு தாழ்த்திப் பிடித்தாலும் இறாலின் சொடுக்கு கேட்காததற்குக் காரணம் இதுதான். கயிறு அந்தச் சுவரைத் துளைக்கும் வழி. என் ஹைட்ரோபோன் கேபிளும் ஒரு வகையில் அந்தக் கயிறுதான்.

சுவருக்கு உள்ளே ஒலி பறக்கும். 1826-இல் ஜெனிவா ஏரியில் கொல்லாதோன், ஸ்டர்ம் என்ற இருவர் நீருக்குள் மணியடித்து, அதே கணத்தில் வெடிமருந்தைக் கொளுத்தி, வெளிச்சத்துக்கும் ஒலிக்கும் இடைப்பட்ட நேரத்தை அளந்தார்கள். நொடிக்கு 1,435 மீட்டர் என்று வந்தது. வெதுவெதுப்பும் உப்பும் கூடிய நம் மன்னார் வளைகுடாவில் அது சுமார் 1,540 மீட்டர். காற்றில் போவதைப்போல் நாலரை மடங்கு.

இந்த வேகம் குளிப்பவரின் காதைக் குழப்பும். வலப்பக்க ஒலி இடக்காதுக்குக் கொஞ்சம் பிந்தி வரும்; அந்த இடைவெளியை வைத்துத்தான் மூளை திசையைக் கணிக்கிறது. நீரில் இடைவெளி நாலரை மடங்கு சுருங்கிவிடுகிறது. ஒலி செவிப்பறையோடு மண்டை எலும்பு வழியாகவும் ஏறுகிறது. அதனால் பொரிச் சத்தம் எல்லாத் திசையிலிருந்தும், ஏன், தலைக்கு உள்ளேயிருந்தே வருவது போல் இருக்கும்.

ஊடும் பாவும்

அறைக்கு வந்து பதிவை ஒலிவரைபடமாக விரித்தேன். குறுக்கே நேரம், மேல்நோக்கிச் சுருதி, சத்தம் கூடக்கூடக் கறுப்பு. இறாலின் ஒவ்வொரு சொடுக்கும் மேலிருந்து கீழாக ஒரு கோடு. சீப்புப் பல் நெருக்கத்தில் கோடுகள். அவற்றை அடியில் குறுக்காக அறுத்துக்கொண்டு தடித்த பட்டைகள் ஓடின. தூரத்தில் விசைப்படகுகள், அதற்கும் அப்பால் துறைமுகத்துக் கப்பல்கள். பாவும் ஊடும் போட்ட பாய் மாதிரி இருந்தது.

அந்தக் குறுக்கு இழையும் பெரும்பாலும் குமிழிதான். கப்பலைத் தள்ளும் காற்றாடி நீரைச் சுழற்றும்போது இதழின் ஒரு பக்கத்தில் அழுத்தம் சரிந்து குமிழிகள் பிறந்து நொறுங்குகின்றன. இறாலின் கொடுக்கில் நடக்கும் அதே காரியம். நொறுங்கும் குமிழிகள் வெண்கலக் காற்றாடியையே அரித்துத் தின்னும். பிரிட்டிஷ் கடற்படையின் இந்தத் தலைவலிக்காகத்தான் ரேலி பிரபு 1917-இல் குமிழி நொறுங்கும் கணக்கைப் போட்டார். எண்பது ஆண்டுகள் கழித்து இறாலை ஆராய்ந்தவர்களுக்கும் அந்த வழிக் கணக்கே கைகொடுத்தது.

வேறுபாடு சுருதியில். இறாலின் ஒலி ஆயிரங்களில் அதிரும், சீக்கிரம் தேய்ந்துவிடும். பெருங்கப்பலின் ஒலி சில நூறுக்குக் கீழே. ஆழ்கடலில் நெடுந்தூரம் போகும். கூறலும் கத்தாளையும் பேசுவது அதே சில நூறுகளில்தான். 1974-இல் பெருந்துறைமுகம் ஆன தூத்துக்குடிக்கு முன்னால் விரிந்த கடலில், ஒரே சுருதியில் இரு தரப்பும் பேசுகின்றன. ஒரு தரப்பின் தொண்டை பெரியது.

இந்தச் சத்தங்களை எல்லாம் சேர்த்து வைத்து என்ன செய்வது? உயிருள்ள பவளப் பாறை சத்தமாக இருக்கும். செத்த பாறை அடங்கிப்போகும். மிதந்து திரியும் மீன்குஞ்சுகள் எந்தப் பாறையில் குடியேறலாம் என்பதைச் சத்தத்தை வைத்தும் தேர்ந்தெடுக்கின்றன. ஆஸ்திரேலியாவில் சிதைந்த பவளத் திட்டுகளில் ஒலிபெருக்கியை இறக்கி, நலமான பாறையின் பதிவை ஆறு வாரம் ஒலிக்கவிட்டார்கள். சத்தம் கேட்காத திட்டுகளைவிட அங்கே இரண்டு மடங்கு மீன்கள் சேர்ந்தன. 2019-இல் வெளியான ஆய்வு இது. அமெரிக்கக் கரையின் உண்ணும் சிப்பி வகை ஒன்றின் குஞ்சுகளும் சிப்பிப் படுகையின் ஒலி கேட்கும் இடத்தில் கூடுதலாகக் குடியேறியதை 2013-இல் கண்டார்கள்.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் விலாங்குச்சல்லியும் பூவரசன்பட்டியும் ஏற்கெனவே நீருக்குள் போய்விட்டன. 2010-லும் 2016-லும் வெப்பத்தால் பவளங்கள் வெளுத்தன. முத்துச்சிப்பியின் குஞ்சும் இரண்டு மூன்று வாரம் மிதந்து திரிந்த பிறகுதான் பாரில் ஒட்டும். பார்கள் ஏன் சில காலம் நிறைந்தும் பல காலம் வெறிச்சோடியும் கிடந்தன என்று விசாரிப்பவர்கள், நீரோட்டத்தையும் வெப்பத்தையும் கேட்பதோடு பாரின் சத்தத்தையும் ஒரு வார்த்தை கேட்கலாம். அதற்குப் பழைய பதிவு வேண்டும். நாளைக்குப் பழையதாகப் போகிற பதிவை இன்றுதான் எடுக்க முடியும்.

நீங்களும் பிடிக்கலாம்

கருவி பெரிதாக வேண்டாம். எலக்ட்ரானிக்ஸ் கடையில் பியெசோ தகடு கிடைக்கும். அழுத்தினால் மின்சாரம் தரும் தகடு. கம்பியைப் பற்றவைத்து, எபாக்ஸிப் பசையால் நீர் புகாமல் மூடினால் எளிய ஹைட்ரோபோன் தயார். அளவெடுக்கும் துல்லியம் அதில் இராது, கேட்கலாம். கரையில் பதிவு செய்வதானால் மைக்குக்குப் பஞ்சுத் தொப்பி கட்டாயம். கச்சான் காற்று மைக்கில் மோதினால் பதிவு முழுக்க 'பொத் பொத்'. ஒலியளவை முதலிலேயே தாழ்த்தி வையுங்கள். சத்தம் மீறி உச்சி வெட்டுப்பட்டுப் போனால் பிறகு ஒட்டமுடியாது. ஒரே இடத்தில், ஒரே ஆழத்தில், அசையாமல் பத்து நிமிடம். பதிவின் தொடக்கத்தில் நாள், நேரம், இடம், காற்று எல்லாவற்றையும் வாயால் சொல்லிவிடுங்கள். விவரம் இல்லாத பதிவு முகவரி இல்லாத கடிதம்.

இந்தக் கரைக்கு ஒரு வசதியும் உண்டு. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. மீன்வளத்துக்காகப் போட்ட தடைதான். ஒலியைத் தேடுபவருக்கோ அது கடல் தானாக நடத்திக் கொடுக்கும் சோதனை. தடைக்கு முன்பும் தடையிலும் அதே இடத்தில் பதிவு செய்தால், படகுகளின் பங்கு எவ்வளவு என்று ஒலிவரைபடத்தில் கண்ணாலேயே பார்க்கலாம்.

அப்படித்தான் நாங்கள் மறுபடி போனோம். அதே வள்ளம், அதே நாலு பாகம். எஞ்சின் அணைந்தது. ஹைட்ரோபோன் இறங்கியது. நான் மைக்கில் சொன்னேன்: "ஏப்ரல் 16, காலை 5.50. திரேஸ்புரத்துக்குக் கிழக்கே. காற்று லேசு. விசைப்படகு இல்லை. தூரத்தில் ஒரு கப்பல்."

ஹெட்போனின் ஒரு பக்கத்தைக் காதில் வைத்திருந்த வள்ளக்காரர் என் முழங்கையைத் தொட்டார். "பொரிச் சத்தம் இருக்குன்னும் சொல்லிருங்க தம்பி."

அவர் சொன்னதும் பதிவில் இருக்கிறது.